பாய் போதும், மைக் வேண்டாம்: தெருவில் பெற்றோர் கூட்டம் தொடங்க நினைப்பவர்களுக்கு

நாங்கள் முதன்முதலில் நடத்திய பெற்றோர் கூட்டத்துக்கு 30 பேரைக் கூப்பிட்டோம். 11 பேர் வந்தார்கள். டவுனிலிருந்து ஒரு மருத்துவரை அழைத்து வந்திருந்தோம். அவர் திரையில் படம் போட்டு, குழந்தையின் மூளை எப்படி வளர்கிறது என்று 50 நிமிடம் நன்றாகவே பேசினார். பத்தாவது நிமிடத்தில் முதல் குழந்தை அழுதது. இருபதாவது நிமிடத்தில் பாதித் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளித்திண்ணையில் நின்றிருந்தார்கள். அடுத்த மாதம் வந்தது 3 பேர். அதில் ஒருவர் என் அண்ணி.

தப்பு மருத்துவருடையதல்ல, எங்களுடையது. குழந்தைக்காகக் கூட்டம் போட்டுவிட்டு, அதில் குழந்தையே தொந்தரவாகிப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தோம். மூன்றாவது மாதம் நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பாயை விரித்தோம், பிள்ளைகளை நடுவில் விட்டோம், பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்தோம். அதிலிருந்துதான் கூட்டம் நிலைத்தது. எங்களுடையது ஆரணிப் பக்கம் பட்டுத்தறி ஓடும் தெரு. உங்கள் தெருவில் வேலையும் நேரமும் வேறாக இருக்கலாம். ஆனால் கூட்டம் கட்டும் முறையில் பெரிய வித்தியாசம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

யாரிடம் குழந்தை இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

அழைப்பு அனுப்புவதற்கு முன் ஒரு வாரம் தெருவில் சும்மா நடங்கள். காலை 10 மணிக்கு யார் இடுப்பில் பிள்ளை இருக்கிறது? மாலை 4 மணிக்கு? எங்கள் தெருவில் அம்மாக்கள் நெசவுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருப்பார்கள், அப்பா தறிக்குழியில் இருப்பார். பிள்ளை பாட்டியிடமோ அடுத்த வீட்டு அக்காவிடமோதான் இருக்கும். 'தாய்மார்கள் கூட்டம்' என்று பெயர் வைத்திருந்தால் பாதி வீடுகளில் குழந்தையை உண்மையாக வளர்க்கிற ஆளைத் தவறவிட்டிருப்போம். அதனால் 'பிள்ளையை வச்சிருக்கிறவங்க எல்லாரும் வாங்க' என்று கூப்பிட்டோம்.

அடுத்து அங்கன்வாடிக்குப் போங்கள். பேச்சில் இன்னும் பால்வாடிதான். அங்குள்ள டீச்சரிடம் அந்தப் பகுதியின் வீட்டுக் கணக்கெடுப்புப் பதிவேடு இருக்கும். எந்த வீட்டில் எத்தனை மாதக் குழந்தை, யார் கர்ப்பமாக இருக்கிறார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். அவரை ஒதுக்கிவிட்டுக் கூட்டம் தொடங்கினால் அது அவருக்குப் போட்டி மாதிரி ஆகிவிடும், அப்புறம் சரிசெய்வது கஷ்டம். முதலில் போய்ப் பேசுங்கள். மையத்தின் இடம் வேண்டுமென்றால் மேற்பார்வையாளரிடமும் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அது கிடைக்கும்வரை கோயில் மண்டபமோ அகலமான திண்ணையோ போதும்.

அங்கன்வாடி இருக்கும்போது தனிக்கூட்டம் எதற்கு என்று கேட்பார்கள், எங்களையும் கேட்டார்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. ஆனால் மையத்தில் உட்கார்ந்து ஆடிப்பாடுவது 2 வயது ஆன பிள்ளைகள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு இணை உணவு மாவு வீட்டுக்குப் போகிறது, பிள்ளையும் வீட்டில்தான் இருக்கிறது. மூளை அசுர வேகத்தில் வளர்கிற, கருவிலிருந்து 2 வயது வரையான அந்த முதல் ஆயிரம் நாளும் வீட்டுக்குள்தான் கழிகிறது. நம் கூட்டத்துக்கு வேலை அங்கே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் ஊருக்குப் புதிதல்ல. 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கினார்கள். 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் தாயின் கண்ணெதிரே எடைபோட்டு, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டினார்கள். ஊர்ப் பெண்கள் குழுக்களும் அதில் கைகொடுத்தன. நாம் தொடங்குவது அதன் தொடர்ச்சிதான் என்று டீச்சரிடம் சொல்லிப் பாருங்கள், பழைய ஆட்களுக்கு முகம் மலரும்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று கிராம சுகாதார செவிலியர், அதாவது நம் நர்சம்மா, இருக்குமிடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் ஒரு மாதம் வீடு வீடாக அலைவது மிச்சம்.

எத்தனை பேர், எப்போது

8 முதல் 12 வீடு வரை. அதைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள்: நடக்காத பிள்ளைகள் ஒன்று, நடக்கிறவர்கள் ஒன்று. தவழும் பிள்ளையின் விரலை ஓடும் பிள்ளை மிதித்துவிடும், அவ்வளவுதான் காரணம்.

வாரம் ஒருமுறை நடத்த முடியாவிட்டால் 15 நாளுக்கு ஒருமுறை. மாதம் ஒருமுறை என்றால் மறந்துபோகும். பிள்ளை தூங்கும் நேரம், கூலி வாங்கும் நாள், தண்ணீர் வரும் நேரம் மூன்றையும் தவிருங்கள். எங்களுக்குக் குழாயில் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள் 5 மணிக்கு வரும். அதைக் கவனிக்காமல் 5 மணிக்குக் கூட்டம் வைத்து, குடத்தோடு எல்லோரும் எழுந்து போனதை வேடிக்கை பார்த்திருக்கிறோம்.

அந்த ஒரு மணி நேரம்

வந்தவர்கள் முதலில் உட்காரட்டும், பிள்ளைக்கு இடம் பழகட்டும். ஒரு பாட்டியை 'கை வீசம்மா கை வீசு' பாடித் தொடங்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் அதிலேயே போகும், போகட்டும்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி: 'போன தடவைக்கு அப்புறம் உங்க பிள்ளை புதுசா என்ன பண்ணுச்சு?' ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். 'ஒண்ணும் இல்ல' என்று சொல்கிறவரிடம் 'காலைல எழுந்ததும் யாரைத் தேடுச்சு?' என்று கேளுங்கள். பதில் வரும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே வாரம் முழுக்கப் பிள்ளையைக் கவனிக்கத் தொடங்குவார்கள். நாங்கள் செய்ததிலேயே அதிகம் பலித்தது இந்தக் கேள்விதான் என்பேன்.

அடுத்த 25 நிமிடம் விளையாட்டு. இங்கேதான் புதிதாகத் தொடங்குபவர்கள் சறுக்குவார்கள். நடத்துகிறவரே பிள்ளையை வாங்கி விளையாடிக் காட்டுவார், பிள்ளையும் சிரிக்கும், அம்மா பார்த்துக்கொண்டிருப்பார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொம்மையை அம்மா கையில் கொடுங்கள், நீங்கள் பின்னால் உட்காருங்கள். அவர் செய்வதில் ஏதாவது ஒன்றை, பெரும்பாலும் அவருக்கே தெரியாமல் செய்ததை, எடுத்துச் சொல்லுங்கள்: 'பாருங்க, அவன் நிறுத்தினதும் நீங்களும் நிறுத்தி முகத்தைப் பார்த்தீங்க, அதான் அவன் மறுபடி கத்தினான்.'

இதற்கு ஆதாரம் கேட்கிறவர்களுக்கு ஜமைக்கா கதையைச் சொல்லலாம். 1986, 87இல் கிங்ஸ்டன் நகரில் வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளைச் சாலி கிரந்தம்-மெக்ரெகரின் குழு ஆய்வுக்கு எடுத்தது. எல்லோரும் 9 மாதம் முதல் 2 வயது வரையுள்ள ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், 2 வருடம் உள்ளூர் சுகாதாரப் பணியாளர் போனார். வீணான பொருள்களில் செய்த பொம்மை ஒன்றைக் கொண்டுபோய், அம்மா பிள்ளையோடு விளையாட உதவிவிட்டு, பொம்மையை அங்கேயே வைத்துவிட்டு வருவார். அடுத்த வாரம் அதை மாற்றிக்கொடுப்பார். அவ்வளவுதான். 20 வருடம் கழித்துப் பார்த்தபோது, இந்த விளையாட்டு கிடைத்தவர்கள், கிடைக்காத மற்றப் பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்கள் பேராசிரியர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கடைசி 10 நிமிடத்தில் கையால் ஒன்று செய்து எடுத்துப்போகட்டும். மூடி இறுக்கி ஒட்டிய பாட்டிலில் கூழாங்கல் போட்டால் கிலுகிலுப்பை. பழைய சேலைத் துணியில் பந்து. தேய்த்து மழுக்கிய கொட்டாங்குச்சிகள் ஒன்றுக்குள் ஒன்றாக. ஓலை கிடைக்கும் ஊரென்றால் காற்றாடிக்குத் தாத்தாக்களைக் கூப்பிடுங்கள். ஜமைக்கா மாதிரியே பொம்மையை வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ளலாம். ஒரு கண்டிப்பு மட்டும்: பிள்ளையின் வாய்க்குள் முழுதாகப் போகிற எதுவும் 3 வயது வரை கூடாது. பட்டன், மணி, வேர்க்கடலை, பொம்மைகளில் வரும் தட்டையான சின்ன பேட்டரி எல்லாம் இதில் அடங்கும்.

என்ன பேசுவது

தலைப்புப் பட்டியல் போட்டுக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் எப்படியும் நடக்கிற வேலைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு முதலில் கைகொடுத்தது குளியல். காலை நீட்டி, பிள்ளையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, கை கால் நீவி, பாட்டு பாடி, பெயர் சொல்லிச் சொல்லித் தண்ணீர் ஊற்றும் பாட்டியைப் பாருங்கள். தொடுதல், பேச்சு, கண்ணோடு கண் பார்ப்பது எல்லாம் அதிலேயே இருக்கிறது. அதைத்தான் முதல் வாரம் புகழ்ந்தோம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, நாக்கில் தேன் வைப்பது இந்த மூன்றையும் நிறுத்தச் சொன்னது நான்காவது வாரம்தான். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் போகலாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அரிதாக என்றாலும் உயிருக்கே ஆபத்தான நச்சு நோய் வரலாம். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் பாட்டிகள் எழுந்து போயிருப்பார்கள், மருமகள்களையும் கூட்டிக்கொண்டு. சொன்னபோதும் மருமகள் முன்னால் சொல்லவில்லை. பாட்டிகளைத் தனியாக உட்காரவைத்து நர்சம்மாவைச் சொல்லவைத்தோம்.

பேச்சு அடுத்தது. பிள்ளை 'ங்கா' என்றால் நாமும் 'ங்கா' என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பது. அந்தக் காத்திருப்பு முக்கியம். பெரியவர்கள் கொஞ்சுகிறேன் என்று மூச்சுவிடாமல் பேசுவார்கள், பிள்ளைக்குப் பதில் சொல்ல இடமே இருக்காது. மனதுக்குள் ஐந்து எண்ணச் சொன்னோம். இதற்குத் தனி நேரம் ஒதுக்கத் தேவையில்லை. 'தறியில உட்கார்ந்தா எப்படிங்க பேசறது?' என்று கேட்ட ஓர் அப்பா, இரண்டு வாரம் கழித்து, தூளியில் கிடக்கும் மகளிடம், தறியில் குறுக்கே ஓடும் நாடாவைக் காட்டி 'நாடா போகுது... வருது' என்று சொல்லிக்கொண்டே நெய்வதாகச் சொன்னார். 'வருது'க்கு முன்னால் அவர் நிறுத்தினால் பிள்ளை காலை உதைக்கிறதாம்.

சாப்பாட்டைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, நர்சம்மா நன்றாகச் சொல்வார்: 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம், அதன் பிறகு மசித்த சோறு, பருப்பு, கீரை, முட்டை, தாய்ப்பால் 2 வயது வரையும் அதற்கு மேலும். கூட்டத்தில் பேச வேண்டியது எப்படி ஊட்டுவது என்பது. வாயை மூடிக்கொண்ட பிள்ளைக்கு மூக்கைப் பிடித்துத் திணிப்பது எங்கள் தெருவில் சாதாரணம். அதற்குப் பதிலாகக் கிண்ணத்தில் கொஞ்சம் வைத்து அதன் கையாலேயே அளையவிட்டுப் பார்க்கச் சொன்னோம். தரை நாசம்தான்.

செல்போனில் சண்டை போடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதைச் சொல்லுங்கள்: 2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்குள். அதோடு நிறுத்தாமல், சமைக்கும் அரை மணி நேரத்துக்குப் பிள்ளையை எப்படிச் சமாளிப்பது என்று எல்லோரும் சேர்ந்து யோசியுங்கள். எங்கள் தெருவில் வந்த விடை: அடுப்பிலிருந்து தள்ளி, நாலு பாத்திரமும் ஒரு கரண்டியும். சத்தம் அதிகம். தண்ணீர் நிறைந்த அண்டா, வாளி பக்கத்தில் இருக்கக்கூடாது என்பதை அன்றே சேர்த்துச் சொன்னோம்.

அடிப்பதைப் பற்றிப் பேச எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. 'அடியாத மாடு பணியாது' என்று ஒருவர் ஆரம்பித்தார். நான் பதில் சொல்லவில்லை. 'உங்களைச் சின்ன வயசுல அடிச்சது ஞாபகம் இருக்கா?' என்று பக்கத்திலிருந்த ஓர் அம்மா கேட்டார். அன்றைக்கு வேறு எதுவும் பேச முடியவில்லை.

நடத்துகிறவருக்கு எழுத்தில் ஏதாவது வேண்டுமென்றால், மத்திய அரசு 2024இல் பிறந்தது முதல் 3 வயது வரைக்கென்று 'நவசேதனா' என்ற வழிகாட்டியைக் கொண்டுவந்திருக்கிறது, 36 மாதத்துக்கு 140 செயல்பாடுகள். டீச்சரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். தாய் சேய் நல அட்டையிலும் எந்த மாதம் என்ன செய்யும் என்று படத்தோடு இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது ரேஷன் அட்டையோடு பெட்டிக்குள் இருக்கும், ஒருநாள் எல்லோரையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

வளர்ச்சி தாமதம் என்று தோன்றினால்

பிள்ளைகளின் வளர்ச்சியைப் படிப்படியாகப் பார்ப்பது நமக்குப் பழகியதுதான். பிள்ளைத்தமிழில் பருவம் பருவமாகப் பாடிவைத்திருக்கிறார்கள். செங்கீரையில் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டிக் கையூன்றித் தலை நிமிரும். சப்பாணியில் கை கொட்டும். வருகையில் தளர்நடை நடந்து வரும். அம்புலியில் நிலாவைக் கூப்பிட்டு விளையாடும். கூட்டத்தில் நான் இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன், 'டெஸ்ட்' என்று சொல்வதைவிட இது யாரையும் பயமுறுத்தாது.

ஆனால் பயப்பட வேண்டிய இடங்களும் உண்டு. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, மழலைச் சத்தமே போடாதது. ஒன்றரை வயதிலும் நடக்காதது. 2 வயதாகியும் 'அம்மா வா' என்று இரண்டு சொல் சேர்க்காதது. எந்த வயதிலானாலும், வந்த பேச்சோ பழக்கமோ மறைந்துபோனால் அன்றே போக வேண்டும். 'ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவங்கப்பாவும் அப்படித்தான்' என்று பக்கத்திலிருப்பவர்கள் சமாதானம் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். அதை நம்பி ஒன்றரை வருடம் காத்திருந்த ஒரு வீடு எங்கள் தெருவில் இருக்கிறது. பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

நீங்கள் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், கூட்டத்தில் எல்லோர் முன்னும் பேசவே பேசாதீர்கள். வீட்டுக்குப் போய், அப்பாவும் இருக்கும்போது, நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பிறகு நர்சம்மாவிடம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. அங்கிருந்து மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். முதல் தடவை கூடவே போங்கள். பஸ் மாறி, சீட்டு வாங்கி, எந்தக் கட்டடம் என்று தேடுவதிலேயே பலர் திரும்பிவிடுகிறார்கள்.

அம்மாக்களையும் கவனியுங்கள். பிரசவமாகிச் சில மாதமாகியும் யாரிடமும் பேசாமல், பிள்ளையைப் பார்த்தால் அழுகிற பெண்ணை 'சோம்பேறி' என்பார்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. ஒரு பிள்ளை கொடுமைக்கு ஆளாகிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

அப்பாக்கள்

'ஆண்களுக்கான விழிப்புணர்வு' என்று கூப்பிட்டால் வரமாட்டார்கள். 'பொம்மை செய்யக் கத்தி பிடிக்க ஆள் வேணும்' என்று கூப்பிட்டோம், 6 பேர் வந்தார்கள். வேலை முடிந்ததும் பிள்ளையை மடியில் வைத்துவிட்டு நைசாக நகர்ந்துவிட்டோம்.

நோட்டு, காசு, ஆள்

ஒரே ஒரு நோட்டு. யார் வந்தார்கள், பிள்ளை புதிதாக என்ன செய்தது, அடுத்த முறை யார் பாடுவார்கள். புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் அந்த வீட்டில் கேளுங்கள். கேட்டால் சிலர் வேண்டாம் என்பார்கள், அதை மதியுங்கள்.

செலவு டீக்கும் பசைக்கும்தான். நாங்கள் வெளியில் பணம் கேட்கவில்லை. பணம் வந்தால் பதாகை வரும், பதாகை வந்தால் வரிசையாக நாற்காலி வரும் என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் வேண்டுமென்றே அரை மணி நேரம் தாமதமாகப் போங்கள். உங்களுக்காகக் காத்திருந்தால் இன்னும் வேலை இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் நான் போனபோது பாய் விரித்திருந்தது, யாரோ ஒருவர் மகன் முதன்முதலில் 'நாய்' என்று சொன்ன கதை பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உட்கார இடம் விட்டார்கள், கதையை நிறுத்தவில்லை.

முதல் நாளுக்குப் பையில் எடுத்துப்போக: பெரிய பாய் இரண்டு, பழைய துணி, மூடியோடு காலி பாட்டில் பத்து, பசை, நோட்டு, தரை துடைக்க ஒரு சாக்கு. பலகாரம் வாங்கினால் வேர்க்கடலை மட்டும் வேண்டாம்.